கரும்பூதம் கண்ணம்மாள்

எண்பதுகளில் வந்த மலிவு விலைப் பேய்ப்படங்களைப் பற்றி ஆம்பூரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆபித் கேபிள் என்று கேட்டால் எந்தத் தெருவிலும் வழி சொல்வார்கள். தொண்ணூறுகளில் எங்கள் உள்ளூர் சேனலில் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அப்படி ஒரு படம் போடுவேன். கோணிப்பையில் செய்த குகை, ஈர வைக்கோலைக் கொளுத்தி எழுப்பிய மூட்டம், நூல் தெரியும் வௌவால், ஒரு காட்சியில் இடது கன்னத்திலும் அடுத்த காட்சியில் வலது கன்னத்திலும் இருக்கும் கதாநாயகனின் காயம். இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர்களோடு சண்டைக்கே போயிருக்கிறேன். நூல் தெரிந்தால் என்ன? அந்த வௌவாலுக்குப் பயந்து இருட்டியபின் கொல்லைப்பக்கம் போகாமல் மூன்று நாள் அடக்கிக்கொண்டு கிடந்தவன் நான். இன்றைக்குக் கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிறார்களே, அதில் எந்தப் பேயாவது ஒருவனை அப்படிப் படுத்தட்டும், பார்க்கலாம்.

அவற்றில் ராஜா ‘கரும்பூதக் குகை’. 1985இல் ஏலகிரி மலையில் பதினெட்டே நாளில் எடுத்த படம். உடம்பு முழுக்கக் கறுப்பு மயிர் மூடிய பூதம் குகையிலிருந்து வரும். ஓடாது, குதிக்காது. பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகரும். இடுப்புக்கு மேல் ஓர் அசைவும் இருக்காது. அந்த நடையைத் தெருவில் நடந்து காட்டாத பையன் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் பூதம் யார்? டைட்டிலில் ‘கரும்பூதமாக’ என்று போட்டு, எதிரே மூன்று கேள்விக்குறி வைத்திருந்தார்கள். படக் கம்பெனி அந்த ஒரு படத்தோடு மூடிவிட்டது. கேட்க ஆளில்லை.

படம் போடுமுன் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுவது என் வழக்கம். 1997இல் ஒரு ஞாயிறு, பூதம் யாரென்று தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ‘பூதமாக நடித்தவர் சென்னையைச் சேர்ந்த ஆறடி உயர ஸ்டண்ட் கலைஞர்’ என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். சுத்தப் பொய். ஆனால் டிவியில் சொன்ன பொய் என்பதால் ஊர் அப்படியே வாங்கிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம், ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் என் ஆபீசுக்கு வந்து நின்றார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். ஒல்லி. என் தோள் உயரம்கூட இல்லை.

“இன்னா பாய், நேத்து டிவில அப்படி சொல்ட்டீங்க? அந்தப் பூதம் நான்தான்.”

குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தேன். அவர் அசையவில்லை. பெயர் கண்ணம்மாள் என்றார். பத்தொன்பது வயதில், தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தாராம். சினிமாக்காரர்கள் கழிவில் போன ஆட்டுத்தோலை மயிரோடு வாங்கி, அங்கேயே பூதத்துக்கு உடுப்புத் தைத்திருக்கிறார்கள். தையல் விட்டால் போட்டுக் கொடுக்கக் கண்ணம்மாளை மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

“அந்த ஸ்டண்ட்காரரு தலைய மாட்ன உடனே மயங்கி வுழுந்துட்டாரு. அவ்ளோ நாத்தம். ரெண்டாவது ஆளு வாந்தி எடுத்துட்டாரு. எனக்கு இன்னா நாத்தம்? தெனம் அதுலதான நிக்கிறேன்? ‘நீ போட்டுக்கிறியாம்மா’ன்னாரு டைரக்டர். போட்டுக்கினேன்.”

“யக்கா, அது ஆறடி பூதம்.”

“தலைக்குள்ள ஒண்ணரை அடிக்கு வைக்கோலு அடைச்சிருந்தாங்க.”

“ஆம்பளைங்களையே தூக்கிப் போடுது!”

“நீங்க ஈரத்தோலு ஒரு கட்டு தூக்கிப் பாருங்க. அப்பால பேசுங்க.”

போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. சாட்சி? மலையில் இருந்தவர்கள் எல்லாரும் சென்னைக்காரர்கள். நான் கையை விரித்தேன். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது.

“படம் கெடக்குது பாய். கம்பெனில எல்லாருக்கும் சொல்லி வெச்சிருந்தேன். பாதிப் பேரு நம்புனாங்க. நீங்க டிவில சொன்னதோட போச்சு. இன்னிக்கி கார்த்தால பக்கத்து மிஷின் நசீமுன்னிசா எனக்கு ‘ரீல் கண்ணம்மா’ன்னு பேர் வெச்சிட்டா. மாத்தி சொல்லிடுங்க.”

சொல்லியிருக்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்று மைக்கில் சொன்னால் தலையா போய்விடும்? ஆனால் இருபத்து நான்கு வயதில் எனக்கு அது தலை போகிற காரியமாகத்தான் இருந்தது. ஆதாரம் கொண்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் மனைவி கௌசர் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்ததால் எனக்குச் சேதி வந்துகொண்டே இருந்தது. வெளியே மழை பெய்கிறது என்று கண்ணம்மாள் சொன்னால், இன்னொருத்தி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நம்பினார்களாம். ஒரு நாள் தையல் மிஷினில் ஊசி ஆடுகிறது, உட்காராதே என்று ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். ரீல் என்று மொத்த வரிசையும் சிரித்திருக்கிறது. பத்தாவது நிமிடம் ஊசி உடைந்து அந்தப் பெண்ணின் விரலில் ஏறியது. கௌசர் இதையும் வந்து சொன்னாள். அப்போதும் நான் மைக்கில் வாயைத் திறக்கவில்லை. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

1999 ஜனவரியில் ஒரு டேனரி மேனேஜர் தன் ரூமுக்கு கேபிள் கனெக்ஷன் கேட்டார். ஒயர்ச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே விறைப்பாக நடந்தேன். மூன்றாவது அடியில் கால் வானத்தைப் பார்த்தது. சுண்ணாம்புத் தண்ணீரும் கொழுப்பும் கலந்த தரையில் மல்லாந்து கிடந்தேன்.

“காலத் தூக்காத பாய்! தேச்சிகினே வா!” என்று ஒரு குரல் சிரித்தது.

தலையைத் திருப்பினேன். ஈரத்தோல் சுமந்துகொண்டு ஆறு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் பாதமும் தரையை விட்டு எழவில்லை. தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார்கள். இடுப்புக்கு மேல் ஓர் அசைவும் இல்லை. பட்டப்பகலில் ஆறு கரும்பூதங்கள் என்னைத் தாண்டிப் போயின. எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்து பார்த்தேன். அந்தக் கேசட்டை நாற்பது தடவை போட்டவன், இந்த ஊரிலேயே பிறந்தவன், எனக்கு அது தெரியவில்லையே!

சட்டை மாற்றக்கூட நிற்காமல் கண்ணம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்த நடையை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“யாரு சொல்லிக் குடுக்கணும்? குகையாண்ட பாறையெல்லாம் பாசி. வழுக்குச்சு. தொட்டியாண்ட நடக்கிற மாதிரியே நடந்தேன். டைரக்டர் கை தட்டுனாரு. எதுக்குத் தட்டுறாருன்னே எனக்குப் புரியல.”

“யக்கா, ரீல் விட்டது நான்தான்” என்றேன். “அந்த ஸ்டண்ட் ஆள நானே கெளப்பி விட்டேன். மன்னிச்சிடுங்க.”

முறத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

“ரெண்டு வருஷம் பாய். என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? ஊருக்கு சொல்லுங்க.”

அந்த வாரம் முழுக்கச் சேனலின் அடியில், பிறந்தநாள் வாழ்த்துகளும் துணிக்கடை விளம்பரமும் ஓடும் பட்டையில், ‘கரும்பூதம் யார்? ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு’ என்று ஓட விட்டேன். ஞாயிறு மைக்கைப் பிடித்தேன். நான் சொன்னது பொய், ஸ்டண்ட் கலைஞர் என்று யாருமில்லை, பூதம் நம்ம ஊர் டேனரித் தரையில் நடை பழகியது, நம்பாதவர்கள் எந்த டேனரிக்குள்ளும் போய் அந்தப் பெண்களின் காலைப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். டைட்டில் ஓடியது. கேள்விக்குறிகள் வரும் இடத்தில் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த எழுத்தைத் தட்டினேன். ‘கரும்பூதமாக: கண்ணம்மாள், ஆம்பூர்.’

டேப்பை ஓட விட்டு வண்டியில் அவர் தெருவுக்குப் பறந்தேன். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. தையல் பிரிவே திரண்டு வந்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஆட்கள் தொங்கினார்கள். டிவிக்கு மிக அருகில் நசீமுன்னிசா உட்கார்ந்திருந்தாள். பூதம் முதல் அடி தேய்த்து வைத்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லா, முன்ன டேனரில இருந்தப்ப இவ இப்படித்தான் நடப்பா. நான் பாத்திருக்கேனே!”

கடைசிச் சண்டை வந்தது. கதாநாயகன் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு பூதத்தின் மேல் பாயும் இடம். ஊர் எப்போதும் விசிலடிக்கும் இடம் அது. அன்றைக்கு அவனுக்கு ஒரு கைகூடத் தட்டவில்லை. “வுடாத கண்ணம்மா! தூக்கிப் போடு அவன!” என்று யாரோ கத்த, ஜன்னல், வாசல், எதிர்வீடு, பக்கத்துத் தெரு எல்லாம் சேர்ந்து கத்தின. பூதம் அவனைத் தூக்கி எறிந்தபோது கூரை ஓடு அதிர்ந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டலை எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. கண்ணம்மாள் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டார்.

ஆனால் கதையை மாற்ற முடியாதே. பந்தம் பட்டுப் பூதம் எரிந்து விழுந்தது. நசீமுன்னிசா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்து அழுகை அது. கண்ணம்மாள் கூட்டத்தைத் தாண்டி வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அழாதடி நசீமா. எரிஞ்சது ஆட்டுத்தோலு. நான் இங்கதான் கீறேன்.”