வடக்குச் சுவரில் ஓர் இடம்

கிளேட்டனில் நான் வாடகைக்கு இருந்த அறை, யாழ்ப்பாணத்திலிருந்து அயர்லாந்து வழியாக மெல்பேர்ன் வந்து சேர்ந்த ஒரு தம்பதியின் வீட்டில் இருந்தது. அவர்களை அன்ரி, அங்கிள் என்றே கூப்பிடுவேன். அன்ரி அயர்லாந்தில் ஒரு சிறிய கடற்கரைக் கிராமத்தின் முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தவர். நேரில் காணாத ஓர் ஊரின் வரலாற்றை ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதும்படி இலக்கிய வகுப்பில் சொன்னபோது, அந்தக் கிராமத்தையே எடுத்துக்கொண்டேன்.

கிடைத்தவை குறைவு. பிரெஞ்சுப் படையெடுப்புக்கு அஞ்சிக் கட்டிய வட்டக் கோபுரம், பஞ்ச காலத்தில் பசித்தவர்களைக் கொண்டு எழுப்பிய படகுத்துறை, கூரையிழந்த தேவாலயம். குசினி மேசையில் வைத்து வாசித்துக் காட்டினேன். அன்ரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"மீனைப் புகையில போடுற கூடம் ஒண்டு இருந்தது. அதின்ர புகைபோக்கியையும் எழுதும், பிள்ளை."

அங்கிள் சிரித்தார். "ஷொப்பிங் சென்ரர் பார்க்கிங்கில சொந்தக் காரைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அயர்லாந்துக்கு வழி சொல்லுறா."

"கார் ஒவ்வொரு நாளும் வேற இடத்தில நிக்கும். அவன் ஒரே இடத்திலதானே கிடக்கிறான்."

அவன் யாரென்று அன்ரிதான் சொன்னார். அவர்களின் முதல் குழந்தை இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. தேவாலய வளவில் புதைத்தார்கள். கல் வைப்பதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்கு வரவேண்டியதாயிற்று. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, இடம் குறிக்கப்படவில்லை. அன்ரியின் தகப்பனார் கடற்றொழிலாளி. கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தை வைத்து, கடலில் விட்ட வலையைத் திரும்பக் கண்டுபிடிப்பாராம். அன்ரியும் அப்படியே குறித்து வைத்திருந்தார். வாசலிலிருந்து வடக்குச் சுவரோரமாக நடக்க வேண்டும். புகைபோக்கி கோபுரத்துக்குப் பின்னால் முழுதாக மறைந்ததும் நிற்க வேண்டும். காலடியில் குழந்தை.

அடுத்த மாதம் அவர் அங்கே போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார். ஆஸ்திரேலியா வந்த பிறகு இதுவே முதல் தடவை.

அன்று மாலை அங்கிள் அந்த ஊரின் இன்றைய படங்களை அலைபேசியில் தேடினார். கூடமும் புகைபோக்கியும் இருந்த இடத்தில் விடுமுறை வீடுகள் நின்றன. அன்ரி படத்தைப் பார்த்துவிட்டு அலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நான் எங்க போய் நிக்கிறது?"

கட்டுரைக்காக ஒரு பழைய நில அளவை வரைபடத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். புகைபோக்கி அதில் ஒரு சிறிய சதுரமாக இருந்தது. மறுநாள் சதுரத்திலிருந்து கோபுரத்தின் விளிம்பைத் தொட்டு, சுவர் வரை ஒரு கோடு இழுத்தேன். வாசலிலிருந்து அறுபத்திரண்டு அடி. பிறகு கோட்டின் தடிப்பை அளந்தேன். அந்த அளவுத்திட்டத்தில் பென்சில் கோடே நிலத்தில் ஐந்து அடியை மூடியது. பிறந்த குழந்தையின் நீளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொல்லாமல் விட்டால் பிழையில்லை என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன்.

"அஞ்சு அடிக்குள்ள இருக்கிறானா?"

"ஆமா அன்ரி. வரைபடம் சரியா இருந்தா."

"கடலில இதைவிடப் பெரிய பிழை வரும்," என்றார்.

அங்கிள் தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்தார். "தனிய விட்டா இவ பார்க்கிங்கிலயே நிண்டிடுவா," என்று என்னிடம் காரணம் சொன்னார்.

அவர்கள் புறப்பட்டுப் போன பத்தாம் நாள் அன்ரியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஈரமான கற்சுவர், அதன் அடியில் புல். மஞ்சள் பூக்கள் ஒரே இடத்தில் குவிக்கப்படவில்லை. சுவரோரமாக, ஏறக்குறைய ஐந்து அடிக்கு, இடைவெளியில்லாமல் தூவப்பட்டிருந்தன.