ரொக் என்றால் மலையா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னே, திருகோணமலைக் கடற்கரையில் நடந்தது இது. நான் கதிரையும் பந்தலும் வாடகைக்குக் கொடுப்பவன். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் என் கதிரைகள்தான் போகும். அதிகம் கதைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தத் தொழிலுக்கு அது பெரிதாகத் தேவைப்பட்டதும் இல்லை.

கொழும்பில் இருந்து ஒரு இசைக்குழு வருகிறது, கதிரை வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் சுவரொட்டி ஒட்டினார்கள். ‘ரொக் இசை மாலை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்னதாக, மலையடிக் கடற்கரை என்று இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் ஊரில் ரொக் என்றால் ஒன்றே ஒன்றுதான். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை. வெளிநாட்டுக்காரர் ‘சுவாமி ரொக்’ என்று கேட்டுக் கேட்டு, ஓட்டோக்காரர் வாயிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. அதனால் மலைக்கு மேலே ஆட்டம் பாட்டம் நடக்கப்போகிறது என்று ஊர் முழுக்கக் கதை பரவியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு கதிரையையும் மேலே எப்படி ஏற்றுவது என்பதுதான் என் யோசனை.

நிகழ்ச்சி நாளன்று லொறியில் கதிரைகளோடு போனேன். மலைக்கும் கடற்கரைக்கும் பாதை பிரியும் இடத்தில் கூட்டம் மறித்தது. நடுவில் ஒரு கட்சிக்காரர் ஒலிபெருக்கியோடு நின்றார்.

“கோணேசர்ர தலையில ஏறி நிண்டு கிற்றார் அடிக்கப் போயினம்! அதுக்கு எங்கட ஊர்க்காரன் கதிரை கொண்டுவாறார், பாருங்கோ!”

“திருவிழாவுக்கும் இவற்ற கதிரைதானே? இனி ஆர் இருப்பினம் அதில?” என்றான் ஒருவன். யாரோ கையை விட்டு லொறி எஞ்சினை நிறுத்தி, திறப்பை உருவி எடுத்துவிட்டார்கள். திருவிழா போனால் என் தொழில் போனமாதிரித்தான்.

சத்தம் கேட்டு மணலில் இருந்து ஒருவர் நடந்து வந்தார். நீளத் தலைமயிர், காதில் வளையம். பாட வந்தவர்.

“அண்ணை, ரொக் எண்டா மலை இல்லை. அது ஒரு மாதிரிப் பாட்டு. மலை ஏறிப் பாட எனக்கு மூச்சுக் காணாது. இந்தா, கீழ மணலிலதான் மேடை போட்டிருக்கிறம்.”

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது. ஒலிபெருக்கிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “எண்டாலும் மலையடி மலையடிதானே!” என்றார்.

அப்போது சல்லிக் கிராமத்தில் இருந்து மீன் விற்க வரும் ஒரு பெண் முன்னால் வந்தார்.

“சிரிக்கிறது கிடக்கட்டும் தம்பி. என்ர மனுசனைக் கடல் கொண்டது. உடம்பும் கிடைக்கேல்லை. ஆடி அமாவாசைக்கு என்ர மகன் இந்தக் கரையிலதான் எள்ளுத்தண்ணி இறைக்கிறவன். அதில நிண்டோ நீங்கள் குதிக்கப்போறீங்கள்?”

“கேட்டீங்களா சனங்களே!” என்று கட்சிக்காரர் தொடங்கினார்.

“நீர் கொஞ்சம் வாயை மூடும். நான் உம்மோட கதைக்கேல்லை” என்றார் அந்தப் பெண்.

பாடகர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “அது எங்களுக்குத் தெரியாது அம்மா” என்றார். திரும்பிப் போய் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

நிலாவெளிப் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தில் மறுநாள் நடத்த ஏற்பாடானது. ஏற்கெனவே மணலில் போட்டிருந்த மேடைப் பலகைகளை என் லொறியில் ஏற்றிவிட்டவர்கள், என்னை மறித்த அதே ஆட்கள்தான். திறப்பும் எப்படியோ என் சட்டைப்பைக்குத் திரும்பி வந்திருந்தது. கட்சிக்காரர் தனக்கு வெற்றி என்று பத்திரிகைக்குச் சொன்னார்.

மறுநாள் மைதானத்தின் கடைசி வரிசையில் அந்த மீன்காரப் பெண் இருந்தார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. என் கதிரையில்தான்.

“ஒண்டும் விளங்கேல்லை. ஆனா பிள்ளை கஷ்டப்பட்டுப் பாடுது, என்ன?” என்றார்.

அந்த வருடத் திருவிழாவுக்கும் கதிரைகள் போயின. இப்போதும் எங்காவது எதிர்ப்பு என்று ஒலிபெருக்கி கத்தினால், அதைப் பிடித்திருப்பவரை நான் பார்ப்பதில்லை. உண்மையில் நோகிறவர் கூட்டத்தில் எங்கே பேசாமல் நிற்கிறார் என்றுதான் தேடுகிறேன்.