யாருக்கும் புரியாது என்று பேசினேன்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கொல்கத்தாவில், கிடர்பூரில் ஒரு பள்ளிக்கூட மாடியில் நடந்தது இது. அப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்து, மனைவி, ஏழு வயது மகளுடன் லேக் கார்டன்ஸில் குடியிருந்தேன். குடியை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். அது பொய்ச் சத்தியம். ஒளித்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், இதைத் தனியாக உங்களால் நிறுத்த முடியாது, குடியிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் கூட்டம் எதற்காவது போங்கள் என்று சொல்லிவிட்டார். செல்போனில் தேடினேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையிலேயே ஒன்று இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் நாலு தமிழ்க் குடும்பமாவது கண்ணில் படும். அதில் ஒரு மாமி பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் என் மனைவி காதுக்குப் போய்விடும். அதனால் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரைத் தேர்ந்தெடுத்தேன். லாரியும் கைவண்டியும் நெரிபடும் அந்த இடத்தில் என்னை யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நம்பரைக் கூப்பிட்டு, எதிர்முனையில் குரல் கேட்டதும் மூன்று முறை வைத்துவிட்டேன். பிறகு அவர்களே கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ் வேலை என்று புளுகிவிட்டுப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர், சின்னக் குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்குவளையில் டீ கொடுத்தார்கள். எந்த வேலை, எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் ஒருவர் வங்காளத்தில் ஏதோ வாசித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

என் முறை வந்தபோது வார்த்தை வரவில்லை. என் ஹிந்தி ஆபீஸ் ஹிந்தி. லீவு கேட்க உதவும், அழ உதவாது. கூட்டத்தை நடத்தியவர் என் தோளைத் தட்டி, உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள், நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம் என்றார்.

யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் கொட்டிவிட்டேன். முந்தைய வருஷம், காலையிலேயே குடித்துவிட்டு மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப்போனேன். திருப்பத்தில் விழுந்தோம். அவளுக்கு இடது கை முறிந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தையிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நம்பவைத்தேன். எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்து உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும், வழுக்கைத்தலைப் பெரியவர் ஒருவர், பார்த்தாலே வங்காளி என்று சொல்லிவிடலாம், டீக்குவளையோடு என் பக்கத்தில் வந்தார். தமிழில் கேட்டார்.

"பாப்பாவுக்குக் கை இப்ப நல்லாயிடிச்சா?"

அவர் தன் மனைவியின் வைத்தியத்துக்காக ஒரு வருஷம் வேலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாராம். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய் வந்திருப்பார்கள். லீவில் ஊருக்குப் போகும் ரயிலில் ஒவ்வொரு தடவையும் அவர்களோடுதான் உட்கார்ந்து போயிருக்கிறேன். என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை. பதில் சொல்லாமல் படியிறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த ஒரு வாரம் இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. அழைப்புமணி அடித்தால் அவர்தான் என்று தோன்றும். மனைவி போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்கு வியர்த்துவிடும். புதன்கிழமை பயம் தாங்காமல் மறுபடி குடித்தேன். தெரிந்துவிட்டால் குழந்தையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள், இனி என்னோடு அனுப்பமாட்டாள் என்பதிலேயே மனசு சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, அவரைக் கெஞ்சுவதற்காகவே போனேன்.

"ஐயா, வீட்டுக்குத் தெரிஞ்சா எம் பொண்ணே எனக்கு இல்லாமப் போயிடுவா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுப் போகவேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் வாசித்தார்களாம்.

"நான் இங்கியே வுட்டுட்டுப் போயிட்டேன் சார். நீங்கதான் வூட்டுக்குத் தூக்கினு போயிட்டீங்க" என்றார். பிறகு மறுபடியும், "கை நல்லாயிடிச்சா?" என்றார்.

"கை நல்லாயிடுச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நாயைப் பாத்தா நடுங்குறா. தெருவுல ஒரு குட்டி நின்னாக்கூட என் காலைக் கட்டிக்கிட்டு அழுவுறா."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே மனைவி, மகள் இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனைவி எழுந்து சமையலறைக்குள் போனவள், பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள் மட்டும் கிட்டே வந்து, "அப்ப நாய் வரவே இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

ஞாயிறு தவறாமல் இன்றும் அந்த மாடிக்குப் போகிறேன். குடி எப்போது திரும்பப் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் விட்டபாடில்லை. ஆனால் மாட்டிக்கொள்வேனோ என்று நான் பயந்த நாளெல்லாம், நான் சொன்ன பொய்க்கு என் குழந்தை தெருவில் நின்று பயந்துகொண்டிருந்தாள் என்பதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.