தற்போதுள்ள நிலை

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிக்காமல் அவர் உத்தரவை வாசிக்கத் தொடங்குவதில்லை. வாசலில் லாரி நிற்கும்; பூட்டு உடைப்பவர் சுத்தியலோடு காத்திருப்பார்; வழக்கில் ஜெயித்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரோ சட்டை நுனியால் இடது கண்ணாடியை, பிறகு வலதை, சந்தேகம் தீராமல் மறுபடி இடதைத் துடைப்பார். "எழுத்து தெரியணும்ல? தப்பா வாசிச்சா உங்களுக்குத்தான் சார் சிக்கல்."

அவர் அமீனா. நீதிமன்ற உத்தரவை வீடு வரை கொண்டுபோய் நிறைவேற்றுவது வேலை. ஒல்லி உடம்பு, கக்கத்தில் ரெக்சின் பை. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை குடும்பங்களை வெளியேற்றினீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சாவகாசம்'. மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. "அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டு எழுந்திடுற மனுஷன். வெளியிலதான் இந்த ஆமை வேஷம்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் படு சுறுசுறுப்பு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வாடகை வீட்டைக் காலை பத்து மணிக்குள் காலி செய்து, சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். பதினொன்றரைக்கு வாத்தியார் தடை உத்தரவோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். மறு விசாரணை வரை தற்போதுள்ள நிலை தொடர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாத்தியாரின் மனைவி தெருவோரம், சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தற்போதுள்ள நிலைன்னா இதுவா தம்பி?"

அதட்டிக் கேட்டிருந்தால் மறந்திருப்பார். வாத்தியார், பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாணவனைப்போலக் கேட்டார்.

அன்றிலிருந்து விதியில் சொன்ன எதையும் அவர் தாண்டிப் போவதில்லை. விதியில் இல்லாத ஒரு நிமிடத்தைக் கொடுப்பதும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரம்மாவின் வாடகை வீடு. "அண்ணா, தடை கேட்டு என் தங்கச்சி கோர்ட்ல நிக்கிறா. இப்பதான் ஃபோன் பண்ணினா, கேஸைக் கூப்பிட்டுட்டாங்களாம்."

"ஃபோனை நம்பி நான் நிறுத்த முடியாதும்மா. காகிதம் வரணும்."

சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேற, பட்டியல் எழுதினார். கத்தரிக்கோல், பெரியது ஒன்று. சிறியது இரண்டு. ஊசிப் பெட்டி ஒன்று.

"ஊசிப் பெட்டியைக்கூடவா எழுதுவாங்க?" என்று வழக்கில் ஜெயித்த வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். "ஒன்பது வருஷம் கேஸ் நடத்தியிருக்கேன் சார். என் பொண்ணு மூணு பிள்ளைங்களோட அடுத்தவன் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கா."

"தெரியும் சார்," என்றார் அமீனா. உண்மையாகவே தெரியும், வழக்குக் கட்டு முழுவதையும் படித்திருந்தார். "நாளைக்கு ஒண்ணு குறையுதுன்னு சொன்னா, உங்க மேலதான் புது கேஸ் வரும்."

பன்னிரண்டரைக்கு வீடு காலி. சாவியைக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டியது மட்டும்தான் மிச்சம். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. சாவியை எடுத்தார். தையல்காரம்மா தெருமுனையைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. தங்கை நீட்டிய, கோர்ட் முத்திரை வைத்த காகிதத்தைக் கடைசி வரி வரை சத்தமாக வாசித்தார். பதினான்கு நாள் இடைக்காலத் தடை.

வீட்டுக்காரர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்தாம் நாள் இதே கதவைத் தானே தட்ட வேண்டி வரலாம் என்பது அமீனாவுக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் உள்ள வைங்கப்பா."

சுமை தூக்குபவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைக் கொண்டுவந்து அறை நடுவில் போட்டார்கள். "எங்கேயாவது கிடக்கட்டும் அண்ணா," என்றாள் தையல்காரம்மா, அழுகையும் களைப்புமாக.

அமீனா தரையில் குந்தினார். கட்டிலின் கால்கள் பல வருடமாக அழுத்திய நான்கு தடங்களை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். பிறகு எழுந்து, கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நான்கு கால்களும் அந்தத் தடங்களில் உட்காரும்வரை சரிசெய்துகொண்டிருந்தார்.