ரிமோட்டில் டீ வரவழைக்கும் கம்பெனியை நான் விசாரித்த கதை

செங்கம் ரோடு லாட்ஜுகள் எங்கள் கேபிள் டிவியை ஒவ்வொன்றாகக் கட் செய்துகொண்டிருந்த சமயம். ரூமில் தங்குகிறவர்கள் செல்போனையே பார்க்கிறார்கள், டிவி எதற்கு என்றார்கள். மிச்சமிருக்கும் லாட்ஜுகளும் போனால் ஆபீஸைப் பூட்டவேண்டியதுதான். நான் அங்கே சீனியர் டெக்னீஷியன். ஜூனியர் யாரும் இல்லாததால் கிடைத்த பதவி.

அப்போது ஒரு கம்பெனி ஆள் வந்தார். இன்டராக்டிவ் டிவியாம். ரிமோட்டை அமுக்கி ரூமிலிருந்தே டீ ஆர்டர் பண்ணலாம், கிரிவலம் போகப் பௌர்ணமி எப்போது தொடங்குகிறது என்று பார்க்கலாம், ஆட்டோ கூப்பிடலாம். ஆனால் எங்கள் பழைய செட்-டாப் பாக்ஸையெல்லாம் கழற்றிவிட்டு அவர்கள் பாக்ஸை மாட்டவேண்டும். கம்பெனி பேரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

ஓனர் விஜயா அக்கா என்னைப் பார்த்தார். “நீதான் எப்பவும் போனும் கையுமா இருக்க. நெட்ல அலசிப் பார்த்துச் சொல்லு. தப்பாச்சுன்னா இருக்கிற லாட்ஜும் போயிடும்.”

நான் போனில் பார்ப்பது பெரும்பாலும் மீன் வறுக்கும் வீடியோ. அதை மூடிவிட்டுக் கம்பெனி பேரைத் தேடினேன்.

வெப்சைட் பளபளவென்று இருந்தது. ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துச் சிரித்தது. டிவியில் என்ன ஓடியது என்று காட்டவில்லை. கம்பெனியைப் புகழ்ந்து ஐந்தாறு கட்டுரைகளும் கிடைத்தன. “எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கக்கா” என்று பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

அக்கா போனை வாங்கிப் படித்தார். “ஒரே மாதிரி இல்லடா, ஒரே வார்த்தை. கமா கூட மாறல. ஒருத்தர் எழுதினதையே எல்லா எடத்துலயும் ஒட்டியிருக்காங்க.”

அசடு வழிந்துகொண்டு மறுபடி தோண்டினேன். ‘எங்கள் வாடிக்கையாளர்கள்’ என்ற பக்கத்தில் எங்கள் ஊர் ஆசிரமத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் பேர் இருந்தது. மேனேஜர் குமார் எனக்குத் தெரிந்தவர். நேரிலேயே போனேன்.

“புது பாக்ஸ் எப்படி ஓடுது சார்?”

குமார் முழித்தார். “எங்க மாட்டினாங்க? உங்க கேபிள் ஏற்கெனவே சேர்ந்துடுச்சுன்னு சொன்னாங்க. நீங்க விசாரிக்காமயா சேருவீங்கன்னு நம்பித்தான் பேரைக் குடுத்தேன். எனக்கு வைஃபை ஒழுங்கா கிடைச்சா போதும். கஸ்டமர் திட்டறதெல்லாம் அதுக்குத்தான்.”

என்னை நம்பி ஒருவர் முடிவெடுத்தார் என்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் எங்கள் பேரைக் காட்டி அவரையும் அவர் பேரைக் காட்டி எங்களையும் வளைக்கப் பார்க்கிறார்கள் என்று உறைத்து, அக்காவிடம் ஓடினேன்.

கம்பெனி ஆள் கையெழுத்து வாங்க வந்தபோது அக்கா கத்தவில்லை. “இது எங்க ஓடுதோ அங்க கூட்டிட்டுப் போங்க. நானே ஒரு டீ ஆர்டர் பண்ணிப் பார்க்கிறேன்.”

அவர் பையை நோண்டிக்கொண்டே சொன்னார். “இன்னும் எங்கயும் மாட்டலைங்க. நீங்கதான் ஃபர்ஸ்ட்.”

“அதை மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு ரூம்ல மாட்டிப் பார்த்திருப்பேனே தம்பி” என்றார் அக்கா.

கையெழுத்து ஆகவில்லை. குமார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக வைஃபை லைன் இழுத்தோம். ஆபீஸ் இன்றும் திறந்திருக்கிறது.

அந்த ஆள் ஏமாற்ற வந்தாரா, முதல் வாடிக்கையாளர் கிடைக்காமல் தவித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பேர் புகழ்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், மாட்டி ஓட்டிப் பார்த்தவர் யார் என்று தேடுங்கள். அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையா? அந்த ஒருவராக உங்களை ஆக்கத்தான் தேடி வந்திருக்கிறார்கள்.