வுய் முசே

அபுதாபியில் எங்கள் குடும்பம் எப்போது ஊருக்குப் போகலாம் என்பதை முடிவு செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். விமானம் விற்கும் கம்பெனியில் மேனேஜர். அப்பா அவருடைய டிரைவர். காரைக்கால்காரர் என்றதும், பிரெஞ்சு தெரிந்தவர் என்று நம்பி வேலைக்கு வைத்தாராம். அப்பாவுக்குத் தெரிந்ததோ ‘வுய் முசே’ மட்டும். ‘ஆமாம் ஐயா’ என்ற அந்த ஒன்றை வைத்தே அப்பா காலத்தை ஓட்டினார்.

முசே வளைகுடா முழுவதற்கும் தலைவரானார். அவருக்குப் பதவி ஏற ஏற அப்பா வீட்டுக்கு வருவது குறைந்தது. இன்று ஷேக்கோடு விருந்து, நாளை துபாயில் விமானக் கண்காட்சி. லீவைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாலும் ‘வுய் முசே’தான். மாமா கல்யாணம் போயிற்று. மாமாவுக்குப் பிறந்த குழந்தையின் காதுகுத்தும் போயிற்று. பெட்டியைக் கட்டிப் பிரித்தே அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

“அந்தாளு இன்னுமா பிளேன் விக்கிறாரு? பாத்திரக்காரனா இருந்தா இந்நேரம் வித்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.”

“கையெழுத்தாவப் போவுதாம். நம்ம ஃபேமிலி விசாவே அவரு தயவு. பேசாம இரு.”

இதைச் சொல்லியே அப்பா எங்கள் வாயை அடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முசேயை எங்கேயாவது அனுப்பிவிடு என்று தினமும் சாமியிடம் நச்சரித்தேன்.

சாமி கேட்டுவிட்டது. விமானங்கள் விற்றன. முசேயைப் பாரிசுக்கே அழைத்து டைரக்டர் ஆக்கினார்கள். புதிதாக வந்தவர் காரைத் தானே ஓட்டிக்கொள்வாராம். அப்பா சொன்னதைக் கேட்டு நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். இனி லீவுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

இந்த முறை அம்மா முணுமுணுக்காமல் பெட்டி கட்டினாள். ஒரு மாத லீவுக்கு எதற்குக் குக்கர் என்று கேட்டேன். குக்கருக்குள்ளேயே என் பள்ளிக்கூட ஷூவைத் திணித்து மூடினாள். அப்பாவின் துணி மட்டும் கொடியிலேயே கிடந்தது. துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் ஏதோ தொழிலாளர் கேம்ப் பஸ் ஓட்டப் போகிறாராம். எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது.

ஏர்போர்ட்டில் கறாராகக் கேட்டேன்.

“பின்னாடியே வந்துடுவீங்கல்ல?”

அப்பா சிரித்தபடி, “வுய் முசே” என்றார்.

வுய் என்றால் ஆமாம். அது தெரியும் என்பதால் நிம்மதியாக விமானம் ஏறினேன். முடியாது என்று சொல்ல வழியில்லாத போதெல்லாம் அப்பா சொன்னதும் அதைத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.