அக்கா வைக்காத சேனை

இந்த நினைவு மலரைப் புரட்டும் உங்களில் பலரை, பெற்ற தாய் பார்க்கும் முன்னே பார்த்தவர் எங்கள் அக்கா. துடைத்து, துணியில் சுற்றி, பாதத்தைத் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் உங்கள் வீட்டாரிடம் காட்டியிருப்பார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. எட்டாவதோடு படிப்பை விட்டு, விசைப்படகு இஞ்சின் பழுது பார்க்கும் தம்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது காத்திவாக்கத்தில். அப்பா கடலுக்குப் போனார்; அம்மா கூடையில் மீன் விற்றார். நர்சிங் படிக்கப் போன இடத்தில், மீன் வாடை என்று விடுதிப் பெண்கள் தள்ளிப் படுத்தார்களாம். "வாட போய்டும், படிப்பு போவாதுடி" என்று அம்மா சொன்னதைக் கடைசி வரை சொல்லிச் சிரிப்பார். பிறகு ராயபுரம் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. ஓய்வு பெறும் வரை பிரசவ வார்டுதான்.

என் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் மகள் அங்கேதான் பிறந்தாள். பிறந்த குழந்தையின் நாவில், நல்ல மனமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அக்காதான் வைக்க வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள்.

"அதெல்லாம் கூடாது. செவுத்துல எழுதிக்கீது பாரு" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டார்.

நான் கேண்டீனில் சர்க்கரை வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் கரைத்து, அக்கா வைப்பதாக நினைத்துக்கொண்டு, என் விரலால் இரண்டு நாள் தொட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு. டாக்டர் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னாடா குட்த?"

"ஒண்ணியும் இல்லக்கா."

"கைய காட்டு."

நகத்தில் கிரீஸ் இருந்தது. சொல்லிவிட்டேன். அக்கா நேரே டாக்டரிடம் ஓடினார். பன்னிரண்டு நாள் மருந்து ஏற்றிக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பும் அன்று அக்கா சொன்னார்: "தப்பு உன்னுது மட்டும் இல்லடா. கூடாதுன்னேன், ஏன்னு சொல்லல. வேற இன்னா பண்றதுன்னும் சொல்லல. மனுசன் சும்மா இருப்பானா?"

அதற்குப் பிறகு அந்த வார்டில், "உங்க வூட்ல சேனை யாரு வெக்கிறது? கூப்டு" என்று அக்காவே கேட்பார். வந்தவர் மோதிரம், வளையல் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு குழந்தையைத் தூக்கித் தாயின் மார்பில் வைக்க வேண்டும். "சீம்பாலுதான் சேனை. நீ தூக்கிக் குடு, உன் கொணம் வரும்" என்பார்.

"சிஸ்டர், இன்னா கோயிலா நடத்துற?" என்று கூட இருந்த நர்சுகள் கேலி செய்தார்கள்.

"ஆமாடி, செருப்ப வெளிய உட்டுட்டு வா."

வெளியாள் உள்ளே வருவதை டாக்டர் முதலில் ஒப்பவில்லை. "நான் அப்பால போற வரைக்கும் காத்துகினு இருக்காங்க சார். நம்ம கண்ணெதிரே கை கழுவிகினு வரட்டுமே" என்றார் அக்கா. ஓர் ஆள், ஐந்து நிமிஷம் என்று முடிவானது. கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் டம்ளர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

"நெஜமாவே கொணம் வருமாக்கா?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? சீம்பாலு உள்ள போவும். அது தெரியும்."

கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. ஊசி போட வந்த நர்சுகளையும், "கை கழுவினியாம்மா?" என்று கேட்டுத்தான் கையை நீட்டினார். கோபிக்காமல் கழுவிவிட்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்கும், டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் அழைத்துப் போன எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும், சோறு பொங்கித் தந்த குப்பத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். போன மாதம் அதே வார்டில் என் மகளுக்கு ஆண் குழந்தை. அக்காவைப் பார்த்தேயிராத ஓர் இளம் நர்ஸ் வெளியே வந்து, "சேனை யாரு வெக்கிறது?" என்று கேட்டார்.

"அத்தைதான் வெக்கணும். அவங்க இல்ல, எங்க அப்பாவ வரச் சொல்லுங்க" என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

கழுவிவிட்டுப் போனேன். நர்ஸ் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "நகத்துல இன்னாபா அது? இன்னொரு தபா கழுவிகினு வா."

கழுவினேன். அவர் சொல்லாமலே மூன்றாவது தரமும் கழுவினேன். பிறகு பேரனைத் தூக்கி என் மகளின் மார்பில் வைத்தேன்.

குடித்தான்.